லீவுக்கு முந்தைய வாரம் ஆங்கில வகுப்பில் என்ன செய்வது? ஆசிரியர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஒன்பதாம் வகுப்பு. விடுமுறைக்கு இன்னும் நாலே நாள். பாதிப் பேருக்கு மனசு வகுப்பில் இல்லை. குறுக்கெழுத்து, வண்ணம் தீட்டுதல் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். வேறென்ன செய்யலாம்?

முதலில் வண்ணம் தீட்டுவதை நிறுத்துங்கள். நேரத்தைத் தள்ளுகிறோம் என்பது 14 வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். இந்த வாரத்துக்குத் தேவை, ஒரே பீரியடில் தொடங்கி அதிலேயே முடிகிற வேலை. 'நாளைக்குத் தொடரும்' என்றால் போச்சு, நாளைக்குப் பாதி பெஞ்சு காலியாக இருக்கும்.

கிறிஸ்துமஸை ஒட்டிய விடுமுறை என்றால் நான் எடுப்பது அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை'. 1905இல் வந்த கதை, ஏறத்தாழ 2,000 சொற்கள்தான். (தலைப்பைப் படித்ததும் வகுப்பே சிரிக்கும். சிரித்து முடிக்கட்டும்; இந்த 'மேஜை' குழந்தை இயேசுவுக்குப் பரிசு கொண்டுவந்த ஞானிகள் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.)

கதையைப் பற்றி எதுவும் சொல்லாமல் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதுங்கள். கதையின் நாயகி டெல்லாவிடம் இருப்பது 1 டாலர் 87 சென்ட். அதில் 60 சென்ட், ஒரு சென்ட் காசுகளாக இருக்கிறது. மீதி 1 டாலர் 27 சென்ட் எந்தெந்தக் காசுகளில் இருந்திருக்கும்? 5, 10, 25, 50 என்று எதைக் கூட்டினாலும் 27 வராது. ஆங்கிலமே பிடிக்காத கணக்குப் புலி ஒருவன் அன்றைக்கு முதல் பெஞ்சுக்கு வந்துவிடுவான். அமெரிக்காவில் ஒரு காலத்தில் 2 சென்ட், 3 சென்ட் நாணயங்களும் இருந்தன. முதலாவது 1873 வரை, இரண்டாவது 1889 வரை அச்சானது. அந்தப் பழைய காசு டெல்லாவின் கையில் இருந்திருக்கலாம். அல்லது ஓ. ஹென்றி கணக்கில் கோட்டை விட்டிருக்கலாம். எது சரி என்று சண்டை போட வேண்டுமானால் முதல் பத்தியை மூன்று முறையாவது படித்தாக வேண்டும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

பிறகு வாசித்துக்கொண்டே போய், கணவன் ஜிம் கதவைத் திறந்து டெல்லாவின் வெட்டிய கூந்தலைப் பார்த்து உறைந்து நிற்கும் இடத்தில் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். அவன் மனதில் ஓடுவதை அவன் குரலிலேயே ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதட்டும். எழுதிய பிறகு முடிவைப் படிக்கலாம். 'ஐரனி' (நினைத்ததற்கு நேர்மாறாக நடக்கும் முரண்) என்ற சொல்லுக்கு அதற்கு முன்னால் விளக்கம் கொடுத்துவிடாதீர்கள். டெல்லாவுக்குத் தெரிந்தது, ஜிம்முக்குத் தெரிந்தது, வாசகருக்குத் தெரிந்தது என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பச் சொன்னால் விளக்கம் அவர்களிடமிருந்தே வரும்.

என் வகுப்பில் எல்லோரும் ஒரே பண்டிகையைக் கொண்டாடுவதில்லை. சிலர் எதையுமே கொண்டாடுவதில்லை. பண்டிகையை எடுத்தால் யாராவது ஒதுங்கி நிற்க நேருமோ?

நேரும். நானே இதில் தவறியிருக்கிறேன். 'விடுமுறையில் உனக்குக் கிடைத்த பரிசு' என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்த வருடம், ஒரு மாணவன் தலைப்பை மட்டும் அழகாக எழுதி, அடிக்கோடு போட்டு, வெறும் தாளைக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அந்தத் தலைப்பு என் வகுப்பில் கிடையாது. காத்திருத்தல், வீடு திரும்புதல், கொடுக்க முடியாமல் போனது என்று பண்டிகைக்கு அடியில் இருக்கும் விஷயத்தைத் தலைப்பாகக் கொடுங்கள். எல்லோருக்கும் எழுத ஏதாவது இருக்கும்.

மேல் வகுப்பென்றால் ஒதுங்கி நிற்பதையே பாடமாக்கலாம். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், அமெரிக்கச் சுதந்திர தினத்தைப் பற்றி ரோசெஸ்டர் நகரில் ஆற்றிய உரை இருக்கிறது. பேசிய நாள் 1852 ஜூலை 5. சுதந்திர தினமான நான்காம் தேதி இல்லை, மறுநாள். உரை நீளமானது; இரண்டு பக்கம் எடுத்தால் போதும். 'உங்கள்' என்ற பொருளில் வரும் 'யுவர்' ஒவ்வொன்றையும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். உங்கள் தேசிய சுதந்திரம், உங்கள் அரசியல் விடுதலை என்றுதான் பேசுகிறார், 'நமது' என்று சொல்வதில்லை. ஒரு பிரதிப்பெயர் எவ்வளவு பெரிய சுவரை எழுப்புகிறது என்று இலக்கணப் புத்தகம் காட்டாது.

ஹாலோவீனுக்கு (மேலை நாடுகளில் அக்டோபர் கடைசியில் வரும் பேய் வேடப் பண்டிகை) பேய்க்கதை எழுதச் சொன்னால் ரத்தமும் அலறலுமாக வருகிறது.

'பயம்' என்று பொருள்படும் எந்த ஆங்கிலச் சொல்லும் கூடாது, ரத்தம் ஒரு துளிகூடக் கூடாது என்று தடை போடுங்கள். விளக்கை அணைத்து ஒரு நிமிடம் மௌனம். காதில் விழுந்ததை மட்டும் எழுத வேண்டும். மின்விசிறியின் கிறீச்சே போதுமானது என்று பத்து நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள்.

ஏப்ரல் 1 அன்று வகுப்பில் ரகளை. அதைப் பாடத்துக்கு இழுக்க வழி உண்டா?

தாராளமாக. 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சியில் ஒரு செய்தித் தொகுப்பு வந்தது: சுவிட்சர்லாந்தில் ஒரு குடும்பம் மரத்திலிருந்து ஸ்பகெட்டி (கோதுமை மாவில் செய்யும் நூடுல்ஸ் போன்ற உணவு) அறுவடை செய்கிறது. ஏறத்தாழ மூன்று நிமிடம். அப்போது பிரிட்டனில் பலருக்கு ஸ்பகெட்டி பழக்கமில்லை. ஸ்பகெட்டி மரம் எப்படி வளர்ப்பது என்று கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களும் உண்டு. அது எப்படி எடுபட்டது என்பதுதான் பாடம். குரல் கொடுத்தவர் மக்கள் நம்பிய ரிச்சர்ட் டிம்பிள்பி. பயிரைத் தின்னும் வண்டு ஒழிந்துவிட்டதாம். எல்லா இழையும் ஒரே நீளமாக இருப்பதற்குக்கூட ஒரு காரணம் சொல்லப்பட்டது. சிரிப்பே இல்லாத நிதானம்.

இதே பாணியில் 150 சொல்லில் ஒரு செய்தி எழுதச் சொல்லுங்கள். பொய் ஒன்றுதான் இருக்கலாம், அதைத் தாங்க நம்பும்படியான மூன்று விவரங்கள் வேண்டும். 'பேஸிவ் வாய்ஸ்' தானாகவே வந்து உட்காரும். 'நம்பப்படுகிறது', 'கண்டறியப்பட்டுள்ளது' இல்லாமல் எந்தப் புரளியும் நடக்காது. பக்கத்து பெஞ்சு அதை வாங்கி ஓட்டையைத் தேடட்டும். இரண்டு நிபந்தனைகள்: வகுப்பில் உள்ள யாரைப் பற்றியும் எழுதக் கூடாது, தாளின் தலையில் 'கற்பனை' என்று பெரிதாக எழுதியிருக்க வேண்டும். இரண்டாவதை விட்டால் மாலைக்குள் பெற்றோர் கைபேசிகளில் அது செய்தியாகச் சுற்றும்.

புத்தாண்டுத் தீர்மானங்கள் எழுதச் சொல்வது அலுத்துவிட்டது.

எனக்கும்தான். 'கோயிங் டு', 'வில்' வேறுபாட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே முடிவு செய்ததை 'கோயிங் டு' போட்டு எழுதட்டும். 'மழை பெய்தால்?', 'நண்பன் வரவில்லை என்றால்?' என்று பக்கத்தில் இருப்பவர் குறுக்குக் கேள்வி கேட்க, அந்த நொடியில் எடுக்கும் முடிவு 'வில்' என்று வரும். கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போட வேண்டுமா?

போடாவிட்டால் சிலர் பேனாவையே எடுக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் திருத்தினால் உங்கள் விடுமுறை போய்விடும். ஒரே ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு அதை மட்டும் பாருங்கள். பேய்க்கதையில் ஒலிகள், பொய்ச் செய்தியில் மூன்று விவரங்கள், இப்படி. மணி அடிப்பதற்குள் மேசை மேசையாக நடந்தே திருத்திவிடலாம். தாளை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.