சீஸ் ஸ்லைஸ பால் கணக்குல சேக்கறதா, ஊறுகாய் கணக்குல சேக்கறதா?

இந்த வாரம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல சீஸ் பத்திதான். ஸ்கூல் திறந்தாச்சுல்ல, டிபன் பாக்ஸ் தலைவலி ஆரம்பிச்சிடுச்சு. மத்த கேள்விய எல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

மேடம், என் பையன் மூணாவது படிக்கிறான். பால் டம்ளரப் பாத்தாலே ஓடறான். ஆனா ரெண்டு சீஸ் ஸ்லைஸ் வெச்சு சாண்ட்விச் குடுத்தா டப்பா தொடச்சு வெச்ச மாதிரி காலியா வருது. பால்ல இருக்கற சத்து சீஸ்லயும் இருக்குன்னு மனச தேத்திக்கிட்டு தினமும் குடுக்கறேன். சரிதானா?
– ஒரு அம்மா, பெரம்பூர்

பாதி சரிம்மா. மீதி பாதி பாக்கெட்டுக்குப் பின்னாடி பொடி எழுத்துல இருக்கு. அங்க எல்லாத்தையும் 100 கிராமுக்குத்தான் போட்டிருப்பாங்க, நம்ம கடைங்கள்ல கிடைக்கற ஸ்லைஸ் பெரும்பாலும் 20 கிராம், அதனால எல்லா நம்பரையும் அஞ்சால வகுத்துக்கோங்க. வகுத்தா ஒரு ஸ்லைஸுக்கு சுமாரா 60 கலோரி, 4 கிராம் புரோட்டீன், 5 கிராம் கொழுப்பு வரும். அந்தக் கொழுப்புல 3 கிராம் சாச்சுரேட்டட், அதாவது வெண்ணெய், நெய்ல இருக்கற மாதிரி உறையற கொழுப்பு. கால்சியம் பிராண்டுக்கு பிராண்டு மாறும், 100லருந்து 140 மில்லிகிராம்னு வெச்சுக்கலாம். நம்ம நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐசிஎம்ஆர் 2020ல போட்ட கணக்குப்படி 7லருந்து 9 வயசுப் பசங்களுக்கு ஒரு நாளைக்கு 650 மில்லிகிராம் கால்சியம் வேணும், ரெண்டு ஸ்லைஸ்லயே மூணுல ஒரு பங்கு வந்துடுது, வைட்டமின் பி12 வேற கிடைக்குது. இதுவரைக்கும் நீங்க பாஸ்.

இப்ப உப்புக்கு வருவோம். பாக்கெட்டுல உப்புன்னு தேடாதீங்க, சோடியம்னு இருக்கும். 100 கிராமுக்கு 1,200லருந்து 1,500 மில்லிகிராம் வரைக்கும் போட்டிருப்பாங்க, அதாவது ஒரு ஸ்லைஸுக்கு சுமாரா 270. ரெண்டு ஸ்லைஸ்னா 540, ரெண்டு பிரெட்ல ஒரு 250, மேல தடவுற உப்பு வெண்ணெய், ஓரமா ஊத்துற தக்காளி சாஸ் எல்லாம் சேத்தா ஒரே ஒரு சாண்ட்விச் ஆயிரத்தத் தொடுது. பெரியவங்களுக்கே ஒரு நாள் முழுக்க 2,000க்குள்ள நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, உங்க பையனுக்கு அதவிடக் கம்மிதான். காலைல இட்லிக்கு சட்னி, மதியம் இது, சாயங்காலம் சிப்ஸ், ராத்திரி சாம்பார்னு ஓடிட்டு இருக்கற புள்ளைக்கு எங்க போய் நிக்கும்னு நீங்களே கூட்டிப் பாருங்க.

அதனாலதான் நான் கேக்கறவங்க கிட்ட எல்லாம் சொல்றது, ஸ்லைஸ பால் கணக்குல எழுதாதீங்க, அப்பளம் ஊறுகாய் கணக்குல எழுதுங்க. தொட்டுக்கற பொருள், ருசிக்கு. வாரத்துல ரெண்டு மூணு நாள், ஒரே ஸ்லைஸ், அன்னிக்கு வெண்ணெயும் சாஸும் கட். உள்ள வெள்ளரிக்காய், கேரட் துருவல் வெச்சு அடைச்சிடுங்க. மத்த நாளுக்கு, பால்தானே புடிக்கல, தயிர் சாதம் சாப்பிடறானா? கேழ்வரகு தோசை? 100 கிராம் கேழ்வரகுல 350 மில்லிகிராம் கிட்ட கால்சியம் இருக்கு, எள்ளுருண்டைய பாத்து வேணாம்னு சொல்ற புள்ளைய நான் இன்னும் பாக்கல.

சீஸ் ஸ்லைஸ லைட்டர்ல கொளுத்தினா உருகவே மாட்டேங்குது, கருகுது, அது பிளாஸ்டிக்னு எங்க அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்ல ஒரு வீடியோ சுத்துது. பயமா இருக்கு.
– வேளச்சேரி வாசகி

அந்த வீடியோ எனக்கும் நாலு பேரு அனுப்பிட்டாங்க. பால் பொங்கி வழிஞ்சு பர்னர் மேல கருகுமே, அந்தக் கருப்புதாங்க இதுவும். நெருப்ப நேரா காட்டினா மேல் பக்கம் தண்ணி வத்தி புரோட்டீன் கரிஞ்சிடும், உள்ள இளகறதுக்கு நேரமே இருக்காது. அதே ஸ்லைஸ மிதமான தவால தோசை மேல போடுங்க, ஒரு நிமிஷத்துல குழைஞ்சிடும்.

சாதாரண செடார் சீஸ சூடு பண்ணினா எண்ணெய் தனியா புரோட்டீன் தனியா பிரிஞ்சு நிக்கும். 1911ல சுவிட்சர்லாந்துல ரெண்டு பேரு எமென்டால்ங்கற சீஸ்ல சோடியம் சிட்ரேட்னு ஒரு உப்பு சேத்துப் பாத்தாங்க, அது சீஸ்ல இருக்கற கால்சியத்தப் புடிச்சுக்கும், புரோட்டீன் கட்டு தளர்ந்து கொழுப்ப விடாம புடிச்சு வெச்சுக்கும், அதனால பிரியாம வழவழன்னு உருகும். இதத்தான் ப்ராசஸ்டு சீஸ்னு சொல்றோம், நம்ம ஸ்லைஸும் அதுதான். 1916ல அமெரிக்காவுல ஜேம்ஸ் கிராஃப்ட் சீஸ சூடாக்கிக் கெடாம வெக்கற முறைக்கு பேட்டன்ட் வாங்கினாரு, 1950ல அவரு ஆரம்பிச்ச கம்பெனி ஸ்லைஸாவே விக்க ஆரம்பிச்சுது. பிளாஸ்டிக் எங்க இருக்குன்னா மேல சுத்தின தாள்ல இருக்கு. எங்க வீட்டுக்காரர் ஒரு தடவ அத உரிக்காமயே தவால போட்டுட்டாரு, அந்த நாத்தம் கிச்சன விட்டுப் போக ரெண்டு நாள் ஆச்சு. பயப்படணும்னா அதுக்கு பயப்படுங்க.

எனக்கு வயசு 67, பிபிக்கு மாத்திரை போடறேன், கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கற டெஸ்ட்ல கிரியேட்டினினும் கொஞ்சம் கூட இருக்கு. பேரனுக்கு வாங்கற ஸ்லைஸ்ல சாயங்காலம் காபியோட ஒண்ணு எடுத்துப்பேன். ஒண்ணுதானே?
– மயிலாப்பூர் தாத்தா

சார், உங்களுக்கு மட்டும் ஒண்ணும் வேண்டாம்னுதான் சொல்லுவேன். உப்பு ஒரு பக்கம். பாக்கெட்டுல ஐஎன்எஸ் (உணவுல சேக்கற பொருளுக்குக் குடுக்கற நம்பர்) 339, 452ன்னு இருக்கான்னு பாருங்க, அதெல்லாம் பாஸ்பேட். முன்னாடி சொன்ன சிட்ரேட் வேலையவே இதுவும் செய்யும். நல்லா இருக்கற கிட்னி தேவையில்லாதத வெளில தள்ளிடும், சோர்ந்து போன கிட்னிக்கு அது கஷ்டம், அதுவும் இப்படி சேக்கற பாஸ்பேட் பருப்புல இயற்கையா இருக்கறதவிட சுலபமா உடம்புல ஏறிடும். அடுத்த தடவ டாக்டர பாக்கப் போறப்ப அந்தக் காலி பாக்கெட்டையும் கையில எடுத்துட்டுப் போங்க.

சௌகார்பேட்டைல சீஸ் தோசை சாப்பிடறப்ப மேல மலை மாதிரி துருவிக் கொட்டறாங்க. அதுவும் ஸ்லைஸும் ஒண்ணா அக்கா?
– காலேஜ் தம்பி

பெரும்பாலும் அதே ப்ராசஸ்டு சீஸ்தான் தம்பி, ஸ்லைஸா இல்லாம பாளமா வரும், அவ்ளோதான். ஆனா அவரு துருவற வேகத்துக்கு 50 கிராம் அசால்ட்டா விழும், அது ரெண்டரை ஸ்லைஸ், அடில ஓடற வெண்ணெய நான் எண்ணவே இல்ல. மாசத்துக்கு ஒரு தடவ ஃப்ரெண்ட்ஸோட போய் பிச்சு பிச்சு சாப்பிடு, ஒண்ணும் ஆகாது. நீயா கடைல வாங்கினா மட்டும் பேர நல்லா படி. அனலாக்னு போட்டிருந்தா அது பால் கொழுப்புக்குப் பதிலா பாமாயில் மாதிரி எண்ணெய் சேத்தது, அத லேபிள்ல சொல்லியே ஆகணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐயோட ரூல் இருக்கு. பொருள் பட்டியல்ல எது அதிகமோ அதுதான் முதல்ல வரும், சீஸ்னு ஆரம்பிக்குதா எண்ணெய்னு ஆரம்பிக்குதான்னு பாத்துட்டு பில் போடு.

ஜிம்முக்குப் போறேன். புரோட்டீனுக்கு ஸ்லைஸா பனீரா?
– அண்ணா நகர்

பனீர். 100 கிராம்ல 18 கிராம் கிட்ட புரோட்டீன், உப்பு சேக்காததுனால சோடியம் ரொம்பக் கம்மி. ஸ்லைஸ்ல அந்த அளவு புரோட்டீன் வேணும்னா நாலஞ்சு தாள உரிக்கணும். முட்டை சாப்பிடுவீங்கன்னா ஒரு முட்டைல 6 கிராம், விலையும் கம்மி.