திருப்பமும் பொறுப்பும்

கேள்வி: கதை விளையாட்டில் நாம் இயக்கிய பாத்திரமே குற்றவாளி என்று கடைசியில் தெரியவந்தால், அக்குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டா?

பதில்: பிரான்சின் குவாண்டிக் ட்ரீம் நிறுவனம் உருவாக்கி 2010இல் வெளியான ‘ஹெவி ரெயின்’ என்ற காணொளி விளையாட்டை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். (முடிவை அறிய விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.) அதில் துப்பறிவாளர் ஸ்காட் ஷெல்பியாக, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம் பரிவோடு பேசித் தடயங்களைத் திரட்டுகிறோம், கொலையாளி அவரேதான் என்பதும், திரட்டியது விசாரணைக்காக அல்ல, அழிப்பதற்காகவே என்பதும் பிற்பாடுதான் வெளிப்படுகின்றன. தட்டச்சுப்பொறி ஒன்றைப் பற்றி விசாரிக்கப் போன கடையில், கடைக்காரரை ஷெல்பி கொல்லும் கணம் நம் கண்ணிலிருந்து மறைக்கப்படுகிறது. ஷெல்பியின் எண்ணங்களைக் கேட்கவைத்த விளையாட்டு, இந்த ஒன்றை மட்டும் மறைத்தது நேர்மையன்று என்றே கருதுகிறேன். காட்டப்படாத கொலைக்கு நாம் பொறுப்பல்ல. ஆயினும், அக்கடையில் கைரேகைகளை நம்மைக் கொண்டே துடைக்கவைத்தார்களே, அந்த உறுத்தலைத் திரைப்படத்தின் பார்வையாளர் ஒருபோதும் அடைவதில்லை.