தளம் ஒழுகுது, வேலை மாறுது, மாடியும் கட்டணும்: எதை முதல்ல தொடறது?

கேள்வி: "திருச்சி திருவெறும்பூர் பக்கம் சொந்த வீடு, மாமனார் 1998ல கட்டுனது, கீழ்த்தளம் மட்டும். ரெண்டு வருஷமா பின் ரூம் சீலிங் ஊறி இப்ப பூச்சு பெயர்ந்து விழுது, ஒரு எடத்துல கம்பியே தெரியுது. வீட்டுக்காரர் துவாக்குடியில ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில 4 வருஷம் 5 மாசமா பெர்மனென்ட், கையில 26,000 வருது, இப்ப ஓ.டி.ய நிறுத்திட்டாங்க. ஸ்ரீபெரும்புதூர்ல 35,000க்கு ஆஃபர் வந்திருக்கு, ஒரு மாசத்துல சேரணுமாம். பொண்ணு பத்தாவது. அத்தைக்கு சுகர், அந்த பின் ரூம்லதான் படுக்கறாங்க. நான் வீட்ல பிளவுஸ் தைக்கிறேன், மாடி எடுத்து அங்க ஒரு தையல் யூனிட் போடணும்னு ரொம்ப நாள் ஆசை. கையில மூணரை லட்சம் இருக்கு. வேலையை விட்டதும் பி.எஃப். பணத்தை எடுத்து மாடியே கட்டிட்டா ஒழுகறதும் தானா நின்னுடும்னு கொத்தனார் சொல்றார். எதை முதல்ல செய்யறது சார்?"

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம். அத்தையோட கட்டிலை இன்னிக்கு சாயந்திரமே முன் ரூமுக்கு மாத்திடுங்க. கம்பி வெளிய தெரியற சீலிங்ல இருந்து விழறது வெறும் பூச்சு மட்டும் இல்ல, ஒரு நாள் கை அகலத்துக்கு கான்கிரீட் சில்லே விழும், அது ராத்திரியா பகலான்னு பாத்துட்டு விழாது.

நான் பேங்க் லோனுக்கு வீட்டு மதிப்பு போடற இன்ஜினியர், இருபது வருஷத்துக்கு மேல இதான் வேலை, அதனால ஒரு வீட்டுக்குள்ள போனா சீலிங்கையும் பாப்பேன் சம்பள சிலிப்பையும் பாப்பேன். உங்க கேள்வியில இருக்கற நாலு விஷயத்துல தள்ளிப்போட தள்ளிப்போட கெட்டுப்போறது தளம் ஒண்ணுதான். வேலை ஏழு மாசம் பொறுத்தா உங்களுக்கு லாபம், எப்படின்னு கீழ சொல்றேன், மாடி ஒரு வருஷம் தள்ளிப்போனா ஒண்ணும் குடிமுழுகிடாது. ஆனா கம்பி துருப்பிடிக்க ஆரம்பிச்சா நிக்காது. துரு ஏற ஏற கம்பி பருத்துக்கிட்டே வரும், சுத்தி இருக்கற கான்கிரீட்டை வெடிக்க வைக்கும், வெடிப்பு வழியா இன்னும் தண்ணி போகும், இன்னும் துரு ஏறும். இந்த வருஷம் ஒரு மூட்டை கலவையில முடியற வேலை ரெண்டு மழை தாண்டினா தளத்தையே இடிச்சு போடற வேலையா மாறிடும்.

கொத்தனார் சொன்னது பாதி சரி. மேல ஒரு ரூம் வந்தா மழை நேரா அந்த தளத்துல விழாது, அது வாஸ்தவம். ஆனா கம்பி துருப்பிடிச்ச அதே தளம்தான் நாளைக்கு உங்க மாடிக்கு தரை, அது மேல சுவரு, தையல் மெஷினு, துணி மூட்டை, பத்து பேரு நடமாட்டம்! நோயாளி தோள்ல மூட்டை ஏத்தற கதைதான். அதுவும் இல்லாம 98ல நம்ம பக்கம் கட்டுன நிறைய வீடு பில்லர் இல்லாம செங்கல் சுவரே பாரம் தாங்கற மாதிரி கட்டுனது, அதுமேல ஒரு தளம் எடுக்கலாமாங்கிறத அஸ்திவாரத்தை ஒரு எடத்துல தோண்டி ஆழமும் அகலமும் பாத்துதான் சொல்ல முடியும், வாசல்ல நின்னுக்கிட்டு சொல்ற ஆளை நம்பாதீங்க.

இப்ப தளம். தண்ணி எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம காசை எடுக்காதீங்க. ஊறி இருக்கற எடத்தை சுத்தி பென்சில்ல ஒரு கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதுங்க, வாரா வாரம் பாருங்க. மழையே இல்லாத வாரத்துலயும் கோட்டை தாண்டி ஈரம் பரவுதுன்னா அது மழைத்தண்ணி இல்ல, மேல இருக்கற டேங்கோ குழாய் ஜாயின்ட்டோதான், பிளம்பர் ஒருத்தர் வந்தாலே ஒழுகறது நின்னுடும். மழை பெஞ்ச மறுநாள் மட்டும் பரவுதுன்னா தளம்தான். அப்பவும் நடுத்தளத்துல ஓட்டைன்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க, நான் பாத்த வீடுகள்ல கைப்பிடிச்சுவரும் தளமும் சேர்ற மூலை, மழைத்தண்ணி இறங்கற குழாய் வாய், டேங்குக்கு அடியில சுத்தம் பண்ணவே முடியாத அந்த ஒரு அடி, இந்த மூணு எடத்துலதான் பாதிக்கு மேல. அரசங்கன்னு ஏதாவது முளைச்சிருக்கான்னும் பாருங்க, மேல பிடுங்கி போட்டா போதாது, வேர் உள்ள இருக்கும்.

யாராவது குழாய் வாயில துணி அடைச்சு தளத்துல தண்ணி கட்டி டெஸ்ட் பண்ணலாம்பாங்க. நல்ல டெஸ்ட்தான், ஆனா கம்பி தெரியற உங்க ரூமுக்கு மேல வேணாம். நூறு சதுர அடியில ஒரு இஞ்ச் தண்ணி நின்னாலே கிட்டத்தட்ட 236 கிலோ. அந்த ரூமுக்கு மேலதான் 1000 லிட்டர் டேங்க் இருக்குன்னா, நெறஞ்சா ஒரு டன், அதை மொதல்ல நல்ல சுவர் மேல வர்ற மாதிரி நகத்துங்க.

இன்னொரு சோதனை நீங்களே பண்ணலாம், வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டிக்கிட்டு, நேரா அடியில நிக்காம தள்ளி நின்னு, நீளமான கம்பால சீலிங்கை மெதுவா தட்டிட்டு வாங்க. கெட்டியா டக்கு டக்குன்னு கேட்டா நல்ல எடம், காலி டப்பாவை தட்டின மாதிரி கேட்டா உள்ள விட்டுப்போயிருக்குன்னு அர்த்தம். அங்கெல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. கான்ட்ராக்டர் வர்றப்ப அந்த வட்டம் இருந்தா அவர் இஷ்டத்துக்கு அளவு சொல்ல முடியாது.

வேலை வரிசைதான் முக்கியம், மேல முடிச்சுட்டுதான் கீழ. நானே என் வீட்டுல இதுல ஏமாந்தவன், ஆயிரம் பேருக்கு சொல்லிட்டு சொந்த வீட்டுக்கு தீபாவளி வருதேன்னு அவசரத்துல சீலிங்கை மட்டும் பூசி வெள்ளை அடிச்சேன், கார்த்திகை மழையில மொத்தமா பேந்து ஃப்ரிட்ஜ் மேல விழுந்துச்சு, வீட்டம்மா இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்காட்டறாங்க.

உங்க கடிதம் ஆவணியில வந்திருக்கு. ஐப்பசி மழைக்கு அதிக நாள் இல்ல. அதனால இந்த மாசம் மேல் வேலை மட்டும். உங்க வீடு கட்டுன காலத்துல தளத்து மேல செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு அதுக்கு மேல தட்டு ஓடு பதிச்சிருப்பாங்க. ஓடுகளையும் அதே மாதிரி தட்டி பாத்து சத்தம் மாறின ஓடுகளை மட்டும் எடுத்து திரும்ப பதிக்கணும், மத்த ஓடுகளோட இடுக்கை எல்லாம் சுரண்டி புதுசா அடைக்கணும், கைப்பிடிச்சுவர் மூலையை கலவை வெச்சு சரிவா உருட்டி பூசணும், தண்ணி குழாய் பக்கம் ஓடுதான்னு ஒரு குடம் ஊத்தி பாக்கணும், அதுக்கப்புறம்தான் வாட்டர்ப்ரூஃப் பூச்சு. இடுக்கை அடைக்காம மேல வெள்ளையா எதையாவது அடிச்சுட்டு போறவங்க நிறைய, அது ஒரு வெயில் காலம் தாங்கும். ஈரத்தளத்துலயும் அடிக்கக்கூடாது, தொடர்ந்து ரெண்டு மூணு நாள் நல்ல வெயில் அடிச்சப்புறம்தான்.

கீழ இப்ப செய்ய வேண்டியது தொங்கற பூச்சையும் சில்லையும் ஆள் வெச்சு தட்டி இறக்கிடறது மட்டும், கம்பி ரெண்டு மூணு அடிக்கு மேல தெரிஞ்சா முட்டு குடுத்து வைக்கறது. நிஜ ரிப்பேர் தை, மாசியில, எல்லாம் காஞ்சதுக்கு அப்புறம். கம்பியை சுத்தி முழுசா கான்கிரீட்டை கொத்தி எடுத்து (பாதி கம்பி கான்கிரீட்டுக்குள்ள இருக்க விட்டுட்டு பூசினா வேஸ்ட்), கம்பி பிரஷ்ல துருவை தேய்ச்சு, துரு தடுக்கற பூச்சு அடிச்சு, பழசும் புதுசும் ஒட்டறதுக்கு ஒரு கோட் குடுத்து, பாலிமர் கலந்த கலவையில பூசணும். தேய்ச்சப்புறம் கம்பி கால்வாசி மெலிஞ்சு போச்சுன்னா பக்கத்துல புது கம்பி கட்டியே ஆகணும், அதை கொத்தனாரை முடிவு பண்ண விடாதீங்க, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டுங்க.

பேசறப்ப மொத்தமா இவ்வளவுன்னு பேசாதீங்க, சதுர அடி ரேட், என்ன மெட்டீரியல், எத்தனை கோட், இதெல்லாம் பேப்பர்ல வாங்குங்க, மூணு பேர்கிட்ட. கடைசி இருபது பர்சென்ட் பணம் ஒரு நல்ல மழை பாத்துட்டுதான்னு மொதல்லயே சொல்லிடுங்க, முகம் சுளிக்கறவரை அப்படியே அனுப்பிடலாம்.

அடுத்து ஸ்ரீபெரும்புதூர். 9,000 கூடன்னு பாக்கறப்ப பெருசா தெரியுது. பொண்ணு பத்தாவது, அதனால குடும்பத்தோட போக மாட்டீங்க, அவர் மட்டும் போவார். ஷேரிங் ரூம் 3,500, மூணு வேளை சாப்பாடு எவ்வளவு சிக்கனமா இருந்தாலும் 5,000, மாசம் ரெண்டு தடவை திருச்சி வந்துட்டு போக 1,600ன்னு வைங்க. 10,100 ஆச்சு. மாசம் ஆயிரத்து நூறு ரூபா கைய விட்டுப் போகுது, அதுக்கு மேல வீட்டுல ஆம்பளை ஆள் இல்லாம மழைக்காலத்துல ஒழுகற தளத்தையும் அத்தையோட ஆஸ்பத்திரியையும் நீங்க ஒருத்தரே பாக்கணும். அங்க புதுசா ஏதாவது மெஷின் கத்துக்கலாம், ரெண்டு வருஷத்துல சூப்பர்வைசர் ஆகலாம்னா அது வேற கணக்கு, அதை அவர்கிட்ட தனியா கேளுங்க. வெறும் சம்பளத்துக்காகன்னா இந்த ஆஃபர்ல ஒண்ணும் இல்ல.

இன்னொரு பக்கம் அவர் இங்க 5 வருஷம் முடிக்க 7 மாசம்தான் இருக்கு. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற எடத்துல 5 வருஷம் முடிச்சா கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடறப்ப கம்பெனி குடுக்கற பணம், உண்டு. கடைசி மாச பேசிக்கையும் டி.ஏ.வையும் (பஞ்சப்படி) கூட்டி, 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து, வருஷத்தால பெருக்கணும். பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 15,000ன்னு வைங்க, 5 வருஷத்துக்கு 43,269 ரூபா வருது, உங்க தளத்து வேலையில ஒரு பங்கு அதுலயே போயிடும். 4 வருஷத்தோட அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பாத்தா போதும்னு சென்னை ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கு, ஆனா அதை காட்டி கம்பெனியோட மல்லுக்கட்டறதுக்கு முழு அஞ்சு வருஷத்தை முடிச்சுட்டு நிம்மதியா வெளிய வரலாம். ஏழு மாசம்னா பங்குனி, பொண்ணு பரீட்சையும் அந்த சமயத்துலதான் வரும். அதுக்கப்புறம் வேலை தேடுங்க, ஓ.டி. இல்லாத எடத்துல காலத்துக்கும் இருக்கச் சொல்லல.

பி.எஃப். பத்தி கொத்தனார்கிட்ட கேக்காதீங்க. ஒரு கம்பெனியை விட்டு இன்னொண்ணுல சேர்ந்துட்டா முழுப் பணத்தையும் எடுக்க முடியாது, அதே யூ.ஏ.என்.ல (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். நம்பர்) டிரான்ஸ்ஃபர்தான். இதுக்கு முன்னாடி வேற கம்பெனியில பி.எஃப். பிடிச்சிருந்தா அந்த பழைய கணக்கு மாறிடுச்சான்னு பாஸ்புக்ல பாருங்க, பல பேரு அதை மறந்துடறாங்க. சேர்த்துட்டா ரெண்டு சர்வீசும் ஒண்ணா கணக்காகும், பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும், அதுக்கும் உதவும், 5 வருஷ சர்வீசுக்கு முன்னாடி எடுத்தா வர்ற வரியை தவிர்க்கவும் உதவும். வேலையில இருக்கறப்பவே வீட்டு வேலைக்கு கொஞ்சம் எடுக்கற வழியும் இருக்கு, ஆனா மூணரை லட்சம் கையில இருக்கறப்ப உங்களுக்கு அது தேவைப்படாது.

அந்த மூணரை லட்சத்துலயும் ஒரு லட்சத்தை தொடவே தொடாதீங்க. இன்னொண்ணு, கம்பெனி குடுக்கற மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலையை விட்டா பெரும்பாலும் அன்னிக்கே நின்னுடும். அதுல அத்தை பேர் இருக்கான்னு பாருங்க. அவர் இப்ப வேலையில இருக்கறப்பவே சொந்தமா ஒரு பாலிசி போட்டுட்டா நல்லது, ஏன்னா சுகர் மாதிரி ஏற்கனவே இருக்கற வியாதிக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வைக்கலாம், அந்த நாள் இன்னிக்கே ஓட ஆரம்பிக்கட்டும். சுகரை மறைச்சு மட்டும் எழுதிடாதீங்க, கிளெய்ம் வர்றப்ப அதைத்தான் மொதல்ல தோண்டுவாங்க.

கடைசியா உங்க தையல் யூனிட். இதை நான் தள்ளிப்போடச் சொல்லவே மாட்டேன். மாடியைத்தான் தள்ளிப்போடச் சொல்றேன், யூனிட்டுக்கு மாடி எதுக்கு? பின் ரூம் தையில சரியானதும் அத்தை அங்க திரும்பிடுவாங்க, முன் ரூம் தெருவைப் பாத்து இருக்கு இல்லையா, பிளவுஸ் தைக்க வர்ற பொம்பளைங்க படியேறாம வரணும், அதுவும் வயசானவங்க. ஒரு பவர் மெஷின், துணி ஓரம் அடிக்கற ஓவர்லாக் மெஷின் ஒண்ணு, கட்டிங் டேபிள், ஒரு ஆள் நீளத்துக்கு கண்ணாடி, இவ்வளவு அந்த ரூம்ல தாராளமா அடங்கும். முத்ரா லோன்ல சிஷு பிரிவுன்னு 50,000 வரைக்கும் ஈடு இல்லாம குடுக்கறாங்க, உங்க கணக்கு இருக்கற பேங்க்லயே கேளுங்க. மெஷின் ஓட்டறதுக்கு முன்னாடி வீட்டு சர்வீஸ்லயே ஓட்டலாமா, டாரிஃப் (கரண்ட் கட்டண வகை) மாத்தணுமான்னு ஈ.பி. செக்ஷன் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, அப்புறம் வந்து ஃபைன் போட்டா அதுக்கே பத்து பிளவுஸ் தைக்கணும். ஒரு நோட்டு போட்டு ஒரு வருஷம் வரவு செலவு எழுதுங்க. மாசம் எவ்வளவு நிக்குதுன்னு அதுல தெரிஞ்சா மாடிக்கு லோன் கேட்டு வர்றப்ப எங்களை மாதிரி ஆளுங்களுக்கும் மதிப்பு போட சுலபம், பேங்க் மேனேஜரும் அந்த நோட்டைத்தான் புரட்டுவார்.

மூணு கொட்டேஷனும் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்புங்க, எதுல என்ன விட்டிருக்காங்கன்னு பாத்து சொல்றேன். கட்டிலை மாத்திட்டீங்களா?