ஈசிஜி டெக்னீஷியன் பயிற்சிக்காக முதல்முறை வார்டுக்குப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

"லீடு எங்கே வைப்பது என்று படித்துவிட்டேன். ஆனால் ஆளைத் தொட்டு எடுக்கப் பயமாக இருக்கிறது, அதிலும் பெண் நோயாளிகள் என்றால் கை ஓடவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். பதினொரு வருடமாக இதே வேலையில் இருப்பவன் என்பதால் எழுதுகிறேன். புத்தகத்தில் லீடு (இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்ய உடம்பில் வைக்கும் முனை, அது எழுதும் கோட்டுக்கும் அதே பெயர்தான்) ஒரு பாடம், நோயாளியிடம் நடந்துகொள்வது இன்னொரு பாடம். கட்டிலருகே இரண்டும் ஒன்றுதான். குளிரில் நடுங்குபவருக்கும் கூச்சத்தில் உடம்பை இறுக்கி வைத்திருப்பவருக்கும் கோடு சுத்தமாக வராது.

அதனால் வயரைக் கையில் எடுக்கும் முன் பேசுங்கள். பெயரையும் வயதையும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டுச் சீட்டோடு சரிபாருங்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் பாதிப்பேர் "ஷாக் அடிக்குமா தம்பி?" என்று கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் மனதில் அதுதான் இருக்கும். "இது உங்களுக்குள் கரண்ட் எதுவும் அனுப்பாது ஐயா, உங்கள் இதயத்தில் ஓடுவதை எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான்" என்று சொன்னாலே தோள் தளர்வதைப் பார்க்கலாம். அந்தத் தளர்ச்சிதான் நமக்கு வேண்டியது. கையைக் கட்டிலின் மேல் முழுதாக வைக்கச் சொல்லுங்கள். ஒடுங்கிய கட்டிலில் கை தொங்கினால் தசை இறுகி, கோடு முழுக்க முள் முள்ளாக வரும்.

ஜெல்லி எதற்கு? 1900களின் தொடக்கத்தில் ஈசிஜி முறையை உருவாக்கிய ஐந்தோவன் ஈசிஜி எடுத்தபோது நோயாளி இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புக்கரைசல் தொட்டிக்குள் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்தக் கரைசலின் வேலையைத்தான் இன்று ஜெல்லி செய்கிறது. வறண்ட தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொட்டு வைத்தால் போதும். மார்பு முழுக்கப் பூசிவிட்டால் ஒரு பல்பின் (மார்பில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் குமிழ்) ஜெல்லி அடுத்ததோடு சேர்ந்துவிடும், பக்கத்துப் பக்கத்து லீடுகள் ஒரே மாதிரி வரும்.

இடத்தைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்து வைக்காதீர்கள். கழுத்துக்குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் மார்பெலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் வந்து சேர்வது இரண்டாவது விலா, அதற்குக் கீழே இருப்பது இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து எண்ணி நான்காவது இடைவெளிக்கு வந்தால் மார்பெலும்பை ஒட்டி நோயாளியின் வலப்பக்கம் வி1, இடப்பக்கம் வி2 (மார்பு லீடுகள் ஆறுக்கும் வி1 முதல் வி6 வரை பெயர்). வி4 ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே. அதை வைத்த பிறகுதான் வி2க்கும் அதற்கும் நடுவே வி3. வி5, வி6 இரண்டும் வி4 இருக்கும் மட்டத்திலேயே போக வேண்டும், விலாவோடு சேர்ந்து மேலே ஏறக் கூடாது. நான் அதிகம் பார்க்கும் தவறு வி1, வி2 இரண்டையும் மேலே வைத்துவிடுவது. பழைய மாரடைப்பு போல ஒரு தோற்றம் அதனாலேயே வரலாம்.

என் முதல் வருடத்தில் ஒரு நர்சிங் ஹோமில் இரண்டு கை கிளிப்பையும் மாற்றி மாட்டிவிட்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், வழக்கமான பரிசோதனைக்கு வந்தவர். லீடு 1, அதாவது இரண்டு கைகளுக்கும் இடையே எடுக்கும் கோடு, தலைகீழாக வந்திருந்தது. எனக்கு அது தெரியவில்லை, அப்படியே கொடுத்துவிட்டேன். வெளியே அவர் மனைவி அழ ஆரம்பித்த பிறகுதான் மறுபடி எடுத்தோம், எல்லாம் சரியாக இருந்தது. இன்றும் அந்த அம்மாவின் முகம் நினைவிருக்கிறது. லீடு 1 தலைகீழாகவும், வலது கைப் பக்கத்துக் கோடான ஏவிஆர் நிமிர்ந்தும் இருந்து, மார்பு லீடுகள் மட்டும் வழக்கம்போல இருந்தால் முதலில் கிளிப்பைப் பாருங்கள். லீடு 2 (வலது கைக்கும் இடது காலுக்கும் இடையே எடுக்கும் கோடு) கிட்டத்தட்ட நேர்கோடாக இருந்தால் வலது கையும் வலது காலும் மாறியிருக்கலாம். வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு என்று மாட்டும்போதே வாய்விட்டுச் சொல்வது என் வழக்கம். அமெரிக்க முறை வயர்களில் நிறம் வேறு, அதனால் வயரில் உள்ள எழுத்தையும் பார்த்துவிடுங்கள்.

பெண் நோயாளிகள் விஷயத்துக்கு வருகிறேன். திரையை இழுத்துவிடுங்கள், ஒரு சிஸ்டரையோ அவர்கள் வீட்டுப் பெண்ணையோ கூட நிற்கச் சொல்லுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். மேலே ஒரு போர்வை, தேவையான இடம் மட்டும் விலகினால் போதும். வி4 பெரும்பாலும் மார்பகத்துக்குக் கீழே வரும். "கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கம்மா" என்று அவர்களிடமே சொல்லுங்கள். முடியாதவர்களுக்குப் புறங்கையால் தூக்குங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு மேலேயே வைத்துவிடுவது மரியாதை ஆகாது, அவர்களுக்குத் தவறான ரிப்போர்ட்தான் கிடைக்கும். தாலியைக் கழற்றச் சொல்லி யாரையும் கலங்க வைக்காதீர்கள். பல்பின் மேல் படாமல் ஓரமாக ஒதுக்கினால் போதும். கொலுசும் அப்படித்தான்.

எடுத்த பேப்பரில் வேகம் நொடிக்கு 25 மிமீ, அளவுக்குறி 10 மிமீ உயரம் என்று இருக்கிறதா பாருங்கள். கோடு மேலும் கீழும் அலைந்தால் மூச்சோ, சரியாக ஒட்டாத பல்போ காரணம். ஒரே சீராகத் தடித்து வந்தால் கரண்ட் தொந்தரவு, பக்கத்தில் இருக்கும் சார்ஜரை எடுங்கள். காரணத்தைத் தேடாமல் ஃபில்டரை அழுத்தாதீர்கள், டாக்டர் பார்க்க வேண்டிய நுணுக்கங்களும் அதோடு மங்கிவிடும். பார்க்கின்சன் நடுக்கம் உள்ளவருக்குக் கை கிளிப்பை மேலே, தோளுக்கு அருகில் வைத்து, அதைப் பேப்பரில் எழுதிவிடுங்கள். கை இல்லாதவருக்கும் இதே வழிதான், இரண்டு பக்கமும் ஒரே உயரம்.

நெஞ்சுவலி என்று வந்தவருக்கு மட்டும் வரிசை கிடையாது. வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி டாக்டர் கையில் இருக்க வேண்டும். எடுத்த நேரத்தையும் அப்போது வலி இருந்ததா என்பதையும் எழுதுங்கள். முதல் ஈசிஜி நன்றாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகாது, திரும்ப எடுக்கச் சொல்வார்கள், அலுத்துக்கொள்ளாதீர்கள். பேப்பர் வெளியே வரும்போது நோயாளி உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எஸ்டி (கோட்டில் மாரடைப்பைக் காட்டக்கூடிய பகுதி) ஏறியிருந்தால் முகத்தில் காட்டாமல், சிஸ்டரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "டாக்டர் பார்த்து உடனே சொல்வார்" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம்.

முடிந்ததும் ஜெல்லியை நீங்களே துடைத்துவிடுங்கள். வயதானவர்களை மெதுவாக எழுப்புங்கள், தலை சுற்றும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பல்பை அதிகமாக அழுத்திப் பிடிக்க வேண்டாம், கன்றிப்போகும். மற்றவர்களுக்கும் வட்டமாகச் சிவந்து தெரியும். "இந்தத் தடம் கொஞ்ச நேரத்தில் போய்விடும் பாட்டி" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால் வீட்டில் போய் அதைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள்.