ஆர்எக்ஸ் 100-க்கு சிந்தெடிக்கா, மினரலா? ஆயிலை மாற்றும் முன் பம்பைப் பாருங்கள்

கேள்வி: அப்பா 1994-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 இப்போது என்னிடம் இருக்கிறது. தினமும் ஹலசூரிலிருந்து மாரத்தஹள்ளிக்கு ஆபீஸ் போய் வருகிறேன். மாதம் ஒரு ஞாயிறு நந்தி மலை. இத்தனை வருடமும் சாதாரண மினரல் 2டி ஆயில்தான் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு சேர்ந்து எரியும் ஆயில்) ஊற்றி வந்தோம். இப்போது மெக்கானிக், "ஃபுல் சிந்தெடிக் ரேசிங் ஆயிலுக்கு மாறிடுங்க சார். ஆயில் பம்பைக் கழட்டிட்டு பெட்ரோல்லயே கலந்துக்கலாம். சிந்தெடிக்னா பாதி அளவே போதும்" என்கிறார். என் மச்சானோ, "ஆர்எக்ஸ் எஞ்சினுக்கு சிந்தெடிக் ஆகவே ஆகாது, மாஸ்டா கம்பெனியே சொல்லியிருக்கு" என்று ஒரு வீடியோ அனுப்பினார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். ஜாசோ எஃப்டி என்ற ஜப்பானியத் தர முத்திரை அச்சிட்ட செமி சிந்தெடிக் (மினரலும் சிந்தெடிக்கும் கலந்த) 2டி ஆயில் வாங்கி, இப்போது ஊற்றும் அதே ஆயில் டேங்கில் ஊற்றுங்கள். பம்ப் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அளவில் கை வைக்காதீர்கள். மினரலிலேயே தொடர விரும்பினாலும், அதற்கு ஒரு படி கீழே உள்ள எஃப்சி தரத்துக்கும் கீழே போகாதவரை எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் பதில். ஆனால் மெக்கானிக் சொன்னதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அதை விளக்காமல் விட முடியாது.

முதலில் மச்சானின் வீடியோ. அதில் சொன்னது பொய்யில்லை, ஆனால் அது வேறு எஞ்சினின் கதை. மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 கார்களில் இருப்பது ரோட்டரி எஞ்சின். மேலும் கீழும் போகும் பிஸ்டன் அதில் கிடையாது. மூன்று மூலை கொண்ட ரோட்டர் ஒன்று உள்ளே சுழல்கிறது. மூலைகளில் உள்ள சீல் தேயாமல் இருக்க, சம்பில் (எஞ்சினின் அடித் தொட்டியில்) கிடக்கும் எஞ்சின் ஆயிலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எரியும் அறைக்குள் செலுத்துகிறார்கள். ஒரே ஆயில் மாதக்கணக்கில் சம்பில் தாக்குப்பிடிக்கவும் வேண்டும், எரிந்தால் கசடு வைக்காமல் போகவும் வேண்டும். காருக்கான சிந்தெடிக் ஆயில்கள் சுத்தமாக எரியுமா என்ற சந்தேகத்தில்தான் அந்த எச்சரிக்கை பிறந்தது. உங்கள் வண்டியில் இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு தனி ஆயில். கியர் பாக்ஸில் கிடப்பது ஒன்று, எரிவதற்கென்றே தயாரித்த 2டி ஆயில் இன்னொன்று. பெயரில் ஆர்எக்ஸ் என்ற எழுத்துகள் இருப்பதைத் தவிர இரண்டு வண்டிகளுக்கும் சம்பந்தமில்லை.

இனி பாட்டிலுக்கு வருவோம். முன்பக்கம் பெரிதாக "சிந்தெடிக்" என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்கம் சிறிய கட்டத்துக்குள் ஜாசோ என்றும், அதோடு எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்பதில் ஒன்றும் இருக்கும். அதைத் தேடுங்கள். எஃப்பி பழைய தரம், புகை அதிகம். எஃப்சி புகை குறைந்தது. எஃப்டி அதோடு பிஸ்டனையும் ரிங் பள்ளங்களையும் அதிகச் சூட்டிலும் சுத்தமாக வைக்கும். சில்க் போர்டு சிக்னலில் காற்றே படாமல் பத்து நிமிடம் நிற்கும் காற்றுக்குளிர் எஞ்சினுக்கு அந்தக் கடைசிக் குணம்தான் முக்கியம். கார்பன் படிந்து ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஷன் போய்விடும், பிக்கப் செத்துவிடும். டிசி-டபிள்யூ3 என்று போட்டிருந்தால் அது தண்ணீரில் குளிரும் படகு எஞ்சினுக்கானது. விலை மலிவு என்று யார் கொடுத்தாலும் வேண்டாம்.

ரேசிங் ஆயில் ஏன் கூடாது? அது தரம் குறைந்தது என்பதால் இல்லை. முழு ஆக்சிலேட்டரில் தொடர்ந்து கொதிக்கும் எஞ்சினுக்கு ஏற்றபடி, அதிக வெப்பத்தில் மட்டும் எரியும்படி அதைச் செய்திருக்கிறார்கள். இந்திராநகரில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் அது எரியாமல் சைலன்சருக்குள் கருப்புப் பசையாக இறங்கும். பிளக் நனையும், நாளடைவில் சைலன்சர் அடைக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. இவற்றில் சில பெட்ரோலில் கலப்பதற்கு மட்டுமே உரியவை, பம்ப் வழியாகப் போகக் கூடாதவை. மோட்டுல் பிராண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 510 செமி சிந்தெடிக், 710 ஃபுல் சிந்தெடிக், இரண்டையும் ஆயில் டேங்கில் ஊற்றலாம். 800 கலப்பதற்கு மட்டும். மூன்றும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். 710 போன்ற ஃபுல் சிந்தெடிக்கை நீங்கள் ஊற்றினால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் ஆபீஸ் போய்வரும் வண்டியில் அந்தக் கூடுதல் காசுக்கு ஈடாக நீங்கள் உணரும்படி எதுவும் கிடைக்காது.

இப்போது பம்ப். பெங்களூரில் இந்த வண்டிகளுக்கு நடக்கும் மிகப் பெரிய அநியாயம் இதுதான். வலது பக்க எஞ்சின் கவரில் இருக்கும் அந்தச் சிறிய பம்ப், யமஹா 1964-இல் கொண்டுவந்த ஆட்டோலூப் முறையின் வாரிசு. எஞ்சின் சுற்றும் வேகத்தையும் ஆக்சிலேட்டர் திறப்பையும் பார்த்து ஆயிலை அளந்து கொடுக்கிறது. ஐடிலில் கொஞ்சம், முழுத் திறப்பில் நிறைய. இதைக் கழற்றி ஒரு தகடு போட்டு மூடிவிட்டு, "இனி பெட்ரோலில் கலந்துக்கோங்க" என்று அனுப்புவது மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை. கழற்றிய பம்புக்குச் சிவாஜிநகர் குஜரிக் கடைகளில் (பழைய உதிரிப்பாகக் கடைகளில்) நல்ல விலை உண்டு. அது போகும் இடத்தை நீங்கள் கேட்பதே இல்லை. பம்ப் உண்மையிலேயே கெட்டிருந்தால்கூட, பெரும்பாலும் வயர் தளர்ந்திருக்கும், குழாயில் காற்று புகுந்திருக்கும், அல்லது உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்திருக்கும். மூன்றும் சரிசெய்யக் கூடியவை.

நந்தி மலை இறக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஆக்சிலேட்டரை மூடி, மூன்றாம் கியரில் எஞ்சின் பிரேக்கில் இறங்குகிறீர்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் ஏறக்குறைய வருவதில்லை. பெட்ரோலில் ஆயிலைக் கலந்திருந்தால் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுவிடும். பிஸ்டன் வறண்டு ஓடும், சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளலாம். பம்ப் இருந்தால் எஞ்சின் சுற்றும்வரை அது சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த இறக்கத்தில் உங்கள் எஞ்சினைக் காப்பது இந்தச் சொட்டுகள்தான்.

"சிந்தெடிக்னா பாதி அளவு" என்பது அடுத்த பொறி. சில பாட்டில்களில் 50-க்கு 1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சொல்கிறார்கள். சிந்தெடிக் என்பதால் கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் வேண்டிய ஆயிலின் அளவு பாதியாகிவிடாது. உங்கள் பம்ப் எவ்வளவு தருகிறது என்பதை நீங்களே வீட்டில் அளக்கலாம். ஆயில் டேங்கை ஒரு குறி வரை நிரப்புங்கள். 200 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மருந்துக் கடை அளவுக் குப்பியால் மறுபடி அதே குறி வரை ஊற்றி, எத்தனை மில்லி போனது என்று எழுதுங்கள். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்றால் அந்தத் தூரத்துக்குச் சுமார் 5.7 லிட்டர் பெட்ரோல் போயிருக்கும். 120 மில்லி ஆயில் என்றால் ஏறக்குறைய 48-க்கு 1. 200 மில்லி என்றால் ஏறக்குறைய 29-க்கு 1. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் நிம்மதியாக ஓட்டுங்கள். 80 மில்லிக்குக் கீழே போனால் வண்டியை நிறுத்திவிட்டுப் பம்பைப் பாருங்கள்.

பார்க்கும் முறை இது. பம்பின் சிறிய மூடியைக் கழற்றி, ஆக்சிலேட்டரை மெதுவாகத் திருப்புங்கள். கேபிளின் தளர்வு மறையும் நேரத்தில் பம்பின் சக்கரத்தில் உள்ள குறி, பக்கத்தில் உள்ள பின்னுக்கு நேராக வர வேண்டும். வரவில்லை என்றால் கேபிள் அட்ஜஸ்டரைத் திருப்பி நேராக்குங்கள். கார்புரேட்டர் கேபிளை மாற்றிய மெக்கானிக் இதைத் தொடாமல் விட்டிருப்பது வழக்கம். ஆயில் டேங்க் ஒரு முறை காலியாகியிருந்தால் பம்பில் உள்ள காற்று நீக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஆயில் வழியவிட்டு மூடுங்கள். பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய் நிரம்பும்வரை, முதல் ஒரு லிட்டர் பெட்ரோலில் மட்டும் 25 மில்லி 2டி கலந்து ஓட்டுங்கள்.

போலி ஆயிலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. டப்பாவில் வைத்து அளந்து கொடுக்கும் லூஸ் ஆயிலை வாங்கவே வாங்காதீர்கள். சிவப்பு, நீலம், பச்சை எல்லாமே வெறும் சாயம், தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வடிகட்டிய பழைய எஞ்சின் ஆயிலிலும் சாயம் கலக்கலாம். தில்லியில் லூஸ் 2டி விற்பனையை 1990-களின் கடைசியிலேயே தடுத்தார்கள். இங்கே ஜே.சி. ரோட்டிலிருந்து புறநகர் சர்வீஸ் கடைவரை இன்னும் டின்னிலிருந்து ஊற்றுகிறார்கள், யாரும் வந்து கேட்பதில்லை. புகைச் சோதனை செய்ய வேண்டிய இடத்திலும் நிலைமை இதுதான். 2000-க்கு முந்தைய இருசக்கர வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9000 பிபிஎம் என்று வரம்பு இருக்கிறது. சைலன்சரில் குழாயைச் செருகி அளந்தால் கெட்ட ஆயிலின் அறிகுறி தெரியலாம். குழாயைச் செருகாமலே சீட்டு அச்சடித்துக் கொடுத்தால் யாருக்கு என்ன பயன்? நீங்களாவது அளக்கச் சொல்லிக் கேளுங்கள். பாட்டில் வாங்கும்போது மூடிக்குக் கீழே ஒட்டிய ஃபாயில் கிழியாமல் இருக்கிறதா, தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும் அழிந்தோ மேலே ஒட்டியோ இல்லையா என்று பாருங்கள். காலிப் பாட்டிலைக் கத்தியால் கிழித்துப் போடுங்கள். முழுதாகப் போட்டால் அதிலேயே நிரப்பி விற்பார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு: பம்ப் ஏற்கெனவே போய்விட்ட வண்டி. உங்களுக்கு இல்லை, ஆனால் இதைப் படிக்கும் பலரிடம் இருப்பது அதுதான். மாற்றுப் பம்ப் கிடைக்கும்வரை கலந்தே ஓட்ட வேண்டும். லிட்டருக்கு 30 மில்லி, அதாவது 33-க்கு 1. 20 மில்லிக்கு இறங்காதீர்கள். பயந்துகொண்டு 60 மில்லி ஊற்றவும் வேண்டாம். ஆயில் கூடினால் அதே ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையில்) பெட்ரோல் குறைந்து, எஞ்சின் இன்னும் சூடாகும். பங்கில் நிரப்பும்போது பெட்ரோல் டேப்பை மூடுங்கள். முதலில் அளந்த ஆயிலையும், அதன் மேல் பெட்ரோலையும் ஊற்றுங்கள். டேங்கை நன்றாகக் குலுக்கிய பிறகே டேப்பைத் திறங்கள். டேப் திறந்திருந்தால் கலக்காத ஆயில் நேராகக் கார்புரேட்டருக்கு இறங்கிப் பிளக்கை நனைத்துவிடும். இறக்கத்தில் பத்து விநாடிக்கு ஒரு தரம் கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரு முறை திறந்து மூடுங்கள்.

கலந்த பெட்ரோலோடு வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதுதான் பம்ப் இல்லாமல் ஓட்டுபவர்கள் செய்யும் பெரிய தவறு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும். மழைக்காலத்தில் டேங்க் மூடியின் ரப்பர் வழியாகக் கசியும் தண்ணீர் ஒரு அளவைத் தாண்டினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடிக்கு இறங்கிவிடும். டேப் உறிஞ்சுவது அடியிலிருந்து. அந்த அடுக்கில் ஆயில் இருக்காது. எஞ்சின் ஸ்டார்ட் ஆனாலும் பிஸ்டன் பிடித்துவிடலாம். அதனால் நான்கு வாரத்துக்கு மேல் நின்ற வண்டியில், டேப்பிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்து தெரிந்தால் டேங்கை முழுவதும் காலி செய்யுங்கள். நிறுத்தும்போதே டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் ஆவியாகி ஆயில் மட்டும் தங்கி ஜெட்டை அடைக்கும்.

கியர் பாக்ஸுக்கு ஜாசோ எம்ஏ (பைக் கிளட்சுக்கு ஏற்ற தரம்) போட்ட 20டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-30 மினரல் ஆயில் போதும். காருக்கான ஆயில் வேண்டாம், கிளட்ச் வழுக்கும். கியர் பாக்ஸ் ஆயிலை 2டி டேங்கில் ஊற்றாதீர்கள், சாம்பல் படிந்து பிளக் போய்விடும்.

நல்ல எஃப்டி ஆயிலுக்கு மாறிய பிறகும் வெள்ளைப் புகை குறையவில்லை என்றால், மறுபடி ஆயிலை மாற்ற வேண்டாம். கியர் ஆயில் அளவைப் பாருங்கள். கீழே சொட்டாமலே அது குறைகிறது என்றால் கிராங்கின் வலது பக்க ஆயில் சீல் போய், கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சுகிறது. சீலை மாற்றினால் புகை நிற்கும்.