அவன் கையை எடுத்துவிடாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. ஆட்டிசம் என்று இரண்டு வருடங்களுக்கு முன் டாக்டர் சொன்னார். மிக்ஸி சத்தம் ஆகாது. குக்கர் விசில் வருவதற்கு முன்பே காதைப் பொத்திக்கொள்வான். புதுச் சட்டையைக் கழற்றி எறிந்துவிடுவான். உறவினர்கள் முன்னால் காதைப் பொத்தினால் நான் கையை எடுத்துவிடுவேன். உடனே புரண்டு அழுகிறான். ஆவணியில் என் கொழுந்தனாருக்குக் கல்யாணம். அதற்குள் இந்தப் பிடிவாதத்தை எப்படி மாற்றுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: மிக்ஸியும் சட்டையும் எனக்கு வரும் கடிதங்களில் புதிதல்ல. ‘நான் கையை எடுத்துவிடுவேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன்.

குக்கரில் ஆவி சீறத் தொடங்கியதுமே விசில் வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிகிறது. யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. இரண்டு கைகளையும் காதில் வைத்துக்கொள்கிறான். யாரும் சொல்லித்தராமல் அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்த வைத்தியம் அது. பெற்ற தாய் நீங்களே அதைப் பிடுங்குகிறீர்கள். அவன் அழுதால் பிடிவாதம் என்று பெயர் வைக்கிறீர்கள். எதற்காக? வருடத்துக்கு இரண்டு முறை வந்து சாப்பிட்டுப் போகிறவர்கள் முகம் சுளிக்கக்கூடாது என்பதற்காக! இது எனக்குக் கொஞ்சமும் பொறுக்கவில்லை அம்மா.

நமக்கு வெறும் இரைச்சலாக இருப்பது அவனுக்கு வலி. ஒலியையும் தொடுதலையும் அளவுக்கு மீறி உணர்வதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக, உலகெங்கும் மருத்துவர்கள் புரட்டும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-லேயே சேர்த்துவிட்டது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சொல்லி, அவன் பக்கத்திலேயே மிக்ஸியை ஓட்டிப் பழக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

சட்னி அரைப்பதற்கு முன் ‘மிக்ஸி போடப்போகிறேன்’ என்று சொல்லுங்கள். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை பொறுங்கள். அவனுக்கே மனம் வந்தால் ஒரு நாள் ஸ்விட்சை அவன் போடட்டும். தானே போட்டுத் தானே நிறுத்தும் சத்தம் அவ்வளவாக மிரட்டாது. புதுச் சட்டையை மூன்று நான்கு முறை துவைத்து அதன் விறைப்பைப் போக்குங்கள். கழுத்து லேபிளைக் கத்தரித்தால் மிச்சம் நிற்கும் முனை இன்னும் மோசமாகக் குத்தும். தையலைப் பிரித்தே எடுங்கள். சத்தத்தைக் குறைக்கும் காதுமூடி ஒன்று வாங்குங்கள். ஆனால் நாள் முழுவதும் மாட்டிவைத்தால் சின்னச் சத்தமும் தாங்காமல் போகலாம். எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது என்பதை, அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இனி கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். முந்தின நாள் மண்டபம் காலியாக இருக்கும்போதே அவனுக்குச் சுற்றிக் காட்டிவிடுங்கள். கெட்டிமேளம் என்றால் தவிலும் நாகஸ்வரமும் ஒரே மூச்சில் உச்சத்துக்குப் போகும் நேரம். அப்போது அவன் மண்டபத்துக்குள் இருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு எழுதிய நீங்கள் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பிள்ளை இருவருக்கும் பிறந்தவன்தானே? தம்பி தாலி கட்டும்போது அண்ணன் மேடையில் நிற்க வேண்டியதுதான். அந்தக் கால் மணி நேரம் நீங்கள் அவனோடு வெளியே இருங்கள். அதற்கு முன்னும் பின்னும் அவருடைய முறை. ‘பையன் ஏன் காதைப் பொத்துகிறான்?’ என்று கேட்கும் அவர் வீட்டுப் பெரியவர்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மேளக்காரர்கள் பந்திக்கு எழுந்துபோன பிறகு, பழைய சட்டையோடு இருந்தாலும் பரவாயில்லை, அவனைச் சித்தப்பாவிடம் அழைத்துப் போங்கள்.