புதிய உயர்நிலைப்பள்ளி: சாவி யாரிடம் இருக்கிறது?

சேலம் மாவட்டத்தில் 32 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் நான். கடைசி 11 ஆண்டுகள், சேர்வராயன் மலையில் நடுநிலைப்பள்ளியாக இருந்து தரம் உயர்ந்த ஓர் உயர்நிலைப்பள்ளிக்கு முதல் தலைமையாசிரியர். புதிதாக ஒன்பதும் பத்தும் தொடங்கும் பள்ளிக்கு என்ன குறிக்கோள் வைப்பது, யாரிடம் எதை எதிர்பார்ப்பது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இடமாறுதல், பதவி உயர்வு, நீதிமன்ற வழக்கு பற்றிக் கேட்டு என்னை வம்பில் மாட்டிவிடாதீர்கள்.

தலைமையாசிரியை, மலைக் கிராமம்: ஜூனில் எங்கள் பள்ளி உயர்நிலைப்பள்ளி ஆகிறது. "அறிவும் பண்பும் நிறைந்த உலகத் தரமான மாணவ சமுதாயத்தை உருவாக்குதல்" என்று தொலைநோக்கு வாசகம் தயாரித்திருக்கிறோம். முகப்புச் சுவரில் எழுதலாமா ஐயா?

எழுதாதீர்கள் அம்மா, குறைந்தது ஓராண்டுக்கு. இந்த வாசகம் எந்த ஊர்ப் பள்ளிக்கும் பொருந்தும். இரண்டு சொல்லை மாற்றினால் சேலம் கடைவீதி நகைக்கடைக்கும் பொருந்தும். பெயின்ட் காய்வதற்குள் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி. காலையில் பள்ளிச் சாவி யாரிடம் இருக்கிறது?

நான் பொறுப்பேற்ற முதல் வாரம், சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அன்று ஒரு வளைவில் லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. நான் பள்ளிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. பிள்ளைகள் எட்டு மணிக்கே காட்டுப் பாதையில் நடந்து வந்து, மூடுபனிக்குள் தாழ்வார விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் கதவுப் பூட்டில் படிந்திருந்த ஈரத்தை விரலால் துடைப்பதும், அது மறுபடி படியும்வரை காத்திருப்பதுமாக இருந்தான். சாவி என் சட்டைப்பையில். அன்று வழிபாட்டுக் கூட்டத்தில் நான் பேச வைத்திருந்த தலைப்பு நேரந்தவறாமை.

பேசவில்லை. மாலையே இன்னொரு சாவி செய்து, உள்ளூரில் குடியிருந்த சத்துணவுச் சமையலர் அம்மாவிடம் கொடுத்தேன். "எட்டு மணிக்குக் கதவு திறந்திருக்கும்." எங்கள் பள்ளியின் முதல் விதி அதுதான். மற்ற மூன்று விதிகள் ஜூலைக்குள் சேர்ந்தன. வாங்கிய நோட்டு திருத்தப்பட்டு ஐந்தாம் நாள் திரும்பி வரும். யாரும் யாரையும் அடிக்க மாட்டோம். ஒரு பிள்ளை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் மூன்றாம் நாள் ஓர் ஆசிரியர் வீட்டுக்குப் போவார்.

நான்குமே பெரியவர்களுக்கான விதிகள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்கூட வாசலில் நின்று, நடக்கிறதா இல்லையா என்று சொல்லிவிட முடியும். இவை இரண்டு பருவம் நடந்த பிறகுதான் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பதை எழுதினோம். முறையை மாற்றிச் செய்தால் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே நம்மை அளந்துவிடுவார்கள்.

ஒரு தந்தை, ஏற்காடு: இங்குள்ள உறைவிடப் பள்ளிகளைப் போல டை, ஷூ, ஆங்கிலப் பேச்சு என்று தொடங்கினால்தானே மதிப்பு வரும்?

1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளிக்கு நூறாண்டுப் பழக்கம் இருக்கிறது. பிள்ளைகள் அங்கேயே தங்குகிறார்கள். நம் பிள்ளைகளின் பள்ளி நாள் ஒற்றையடிப் பாதையில் தொடங்குகிறது. ஷூ வாங்குங்கள், அட்டைக் கடிக்கு நல்லது. டை எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பட்டதாரி ஆசிரியர், மலைப் பகுதி: நவம்பர் பிறந்தால் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. காபிப் பழப் பறிப்பு. வருகை பற்றி எவ்வளவு கண்டிப்பாக இருக்கலாம்?

இது மலைக்கே உரிய கேள்வி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். நவம்பரில் அராபிகா பழுக்கத் தொடங்கினால் ஜனவரி, பிப்ரவரி வரை பறிப்பு. அது முடிந்தால் மிளகு. அரையாண்டுத் தேர்வும் திருப்புதல் தேர்வுகளும் சரியாக அதன் நடுவில் வந்து விழும். சமவெளியில் போட்ட நாட்காட்டி அப்படி.

முதல் ஆண்டு நான் முட்டாள்தனம் செய்தேன். "75 விழுக்காடு வருகை இல்லாதவர் பொதுத்தேர்வு எழுத முடியாது" என்று வழிபாட்டுக் கூட்டத்தில் முழங்கினேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி 11 நாள் கழித்து வந்து கணக்கு நோட்டை நீட்டினாள். எல்லாக் கணக்கும் போட்டிருந்தாள்; பக்கம் முழுக்கப் பென்சில் கிறுக்கல். "ஏன் இந்தக் கிறுக்கல்?" என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுத்தான் அவளிடம் காரணம் கேட்டேன். அம்மா பறிப்புக்குப் போய்விட, எஸ்டேட் லைன் வீட்டில் இரண்டு வயதுத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறாள். கிறுக்கியது அவன். என் சிவப்பு மை இன்னும் அந்த நோட்டில் இருக்கும்.

50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது, 2025 வரை நடப்பில் இருந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். நம் மலையில் சிறு தோட்டங்கள் நிறைய. அவற்றில் இந்தக் கணக்கு எட்டாது. அங்கன்வாடி இருக்கிறது, ஆனால் அது திறக்கும் முன்பே தாய்மார்கள் தோட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். இடையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் ஒரு பெண் மூன்று மாதம் பள்ளியை விடுகிறாள்.

எட்டு மணிக்குத் திறந்த எங்கள் தாழ்வாரம் அதற்குப் பயன்பட்டது. தம்பி தங்கைகளை அழைத்து வரலாம், சமையலர் அம்மாவின் கண் பார்வையில் இருக்கட்டும், அங்கன்வாடி உதவியாளர் வந்து கூட்டிப் போவார் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடித்தோம். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்வது சும்மா இல்லை. இந்த யோசனையைச் சொன்னதே பறிப்புக்குப் போகும் ஒரு தாய்தான். கண்டிப்பாக இருங்கள் தம்பி. ஆனால் முதலில் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

ஆசிரியர், ஓமலூர்: எங்கள் பள்ளிக்குப் பொருத்தமான தொலைநோக்கு வாசகம் ஒன்று எழுதித் தர முடியுமா?

முடியாது. முதல் பதிலைப் படியுங்கள்.

பெற்றோர், வாழப்பாடி: ஒன்பது, பத்தாம் வகுப்புக்குச் சத்துணவு உண்டா?

உண்டு, பத்தாம் வகுப்பு வரை. எண்ணிக்கையை ஜூனிலேயே உயர்த்தி எழுதுங்கள். இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகளின் தட்டில் குறையும்.

உடற்கல்வி ஆசிரியர்: அடிக்கக் கூடாது என்கிறீர்கள். பயம் இல்லாமல் ஒழுக்கம் எப்படி வரும்?

உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது. அந்தச் சட்டத்தின் வயது வரம்பு 14 என்பதால் ஒன்பதாம் வகுப்பில் பிரம்பை எடுக்கலாம் என்று என்னிடம் ஒருவர் வாதாடினார். அவரிடம் பேசியதே வீண். உங்களிடம் விளையாட்டு மைதானம் இருக்கிறது. அதைவிடப் பெரிய பிடிமானம் எனக்குக்கூட இருந்ததில்லை.

மாணவரின் தாய்: மலையாளி பழங்குடிச் சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. பள்ளி உதவுமா?

பள்ளிப் பதிவேட்டில் உள்ளதை எழுதித் தரும். சான்றிதழ் தருபவர் வருவாய் கோட்டாட்சியர். அங்கே போங்கள் அம்மா. (சமவெளி வாசகர்களுக்கு: இந்த மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் தொடர்பு கற்பிக்க வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.)

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்: முதல் பத்தாம் வகுப்பிலேயே நூறு சதவீதத் தேர்ச்சி என்று குறிக்கோள் வைக்கிறோம். சரியா?

வைக்காதீர்கள். எட்டாம் வகுப்பு வரை நம் மாநிலத்தில் யாரையும் நிறுத்துவதில்லை. எனவே ஒன்பதில்தான் முதல் சல்லடை. நூறு என்று சொன்ன மறுநாளே, மெல்லக் கற்கும் பிள்ளையின் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள்: "மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், தனித்தேர்வராக எழுதட்டும்." பெயர்ப் பட்டியலிலிருந்து நான்கு பேரைக் கழித்துவிட்டால் நூறு வந்துவிடும், பேனரும் வந்துவிடும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், அம்மாபேட்டை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் யாரையும் கழிக்காமல் நூறு எடுத்துக் காட்டியவன். ஏழைப் பிள்ளையிடம் குறைவாக எதிர்பார்ப்பது இரக்கம் இல்லை, அலட்சியம். உங்கள் முதல் அணி எத்தனை?

23 பேர் எழுதினார்கள், 19 பேர் தேறினார்கள். மற்ற நால்வரில் மூவர் துணைத் தேர்வில் தேறி, அதே ஆண்டே மேலே படிக்கப் போனார்கள். ஒருவன் எட்டாம் வகுப்புத் தகுதியில் ஐடிஐ சேர்ந்து இப்போது சேலத்தில் வெல்டர். நால்வரும் என் பதிவேட்டிலிருந்துதான் போனார்கள், வாசலுக்கு வெளியிலிருந்து அல்ல.

நூறு எப்படி எடுத்தீர்கள் என்று நானே சொல்லட்டுமா? செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. இந்தப் பதினாறையும் மெல்லக் கற்போரின் தலையில் ஏற்றி, மிச்சத்துக்கு இரண்டு மதிப்பெண் வினாக்கள். வட்டத்துக்குத் தொடுகோடு வரைவான், வகுத்தல் தெரியாது. அந்தத் தேர்ச்சிக்கு என்ன பெயர்?

அதே கணித ஆசிரியர்: பெயர் 35. தறிக்காரர் மகனுக்கு அந்த 35தான் கதவு. வகுத்தல் தெரிந்து 34 எடுத்தவனை நீங்கள் போய் எந்தப் பாலிடெக்னிக்கில் சேர்ப்பீர்கள்? கௌரவம் பேச நமக்கு ஓய்வூதியம் இருக்கிறது ஐயா.

ஒரு தாய், குகை: இரண்டு பேரும் சண்டை போடுவது இருக்கட்டும். என் மகனைப் போன ஆண்டு தனித்தேர்வராக எழுதச் சொன்னார்கள். அவன் எழுதவே இல்லை. வெள்ளிப் பட்டறைக்குக் கொலுசு வேலைக்குப் போகிறான். அவன் யார் கணக்கில் வருவான்?

யார் கணக்கிலும் வரவில்லை அம்மா. நான் சொல்ல வந்ததை நீங்கள் இரண்டே வரியில் சொல்லிவிட்டீர்கள். தனித்தேர்வராக இன்னும் எழுத முடியும். அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். கல்வி உதவி எண் 14417இலும் கேட்கலாம்.

கணித ஆசிரியருக்கு: கதவு என்றது சரி, ஒப்புக்கொள்கிறேன். என் இரண்டாம் ஆண்டில் நானும் அந்தப் பதினாறைச் சொல்லிக்கொடுத்தேன். கூடவே ஆறாம் வகுப்புக்கான வகுத்தலையும், தினம் காலை எட்டிலிருந்து எட்டே முக்கால் வரை. ஆனால் நூறு என்பதை எதற்கு நூறு என்று கேளுங்கள். பின்னத்தில் தொகுதியை மட்டும் காட்டி மதிப்பெண் கேட்கும் மாணவனை நீங்கள் விட்டுவிடுவீர்களா? பகுதியைக் காட்டச் சொல்ல மாட்டீர்களா? ஒன்பதில் சேர்ந்தவர்களைப் பகுதியாக வைத்து நூறு என்று எழுதுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அதே கணித ஆசிரியர்: ஆறில் சேர்ந்தவர்களை வையுங்கள். செய்வதானால் ஒழுங்காகச் செய்யுங்கள்.

வைத்துவிட்டேன். குழு உறுப்பினர் குறித்துக்கொள்ளவும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தந்தை: பெண்ணைப் பத்துக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா?

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இலிருந்து இருக்கிறது. மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கும் அரசுப் பள்ளிப் படிப்புதான் தகுதி. நடுவில் ஓராண்டு மாற்றினால் இரண்டும் போகலாம். பிறகு உங்கள் விருப்பம்.

மாணவன், ஒன்பதாம் வகுப்பு: ஐயா, எங்கள் பள்ளியில் எங்களுக்கு 18 விதிகள் ஒட்டியிருக்கிறார்கள். அதில் "சிரிக்கக் கூடாது" என்று ஒன்று இருக்கிறது.

எந்த வகுப்பில் என்று குறிப்பிட்டிருக்கிறார்களா? தம்பி, உன் தலைமையாசிரியரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. 18இல் எத்தனையை அவராலேயே நினைவிலிருந்து சொல்ல முடிகிறது என்று மரியாதையாகக் கேள். மரியாதையாக என்பதை மறக்காதே.

ஆசிரியை, ஆத்தூர்: சுவரில் எழுத ஒரு நல்ல வாசகம்...

அம்மா.

தலைமையாசிரியை, மலைக் கிராமம் (மறுபடியும்): சமையலர் அம்மாவிடம் இன்று இரண்டாம் சாவியைக் கொடுத்துவிட்டேன் ஐயா. இன்னொன்று: பழைய நடுநிலைப்பள்ளியின் மணியையே வைத்துக்கொள்ளலாமா, மின்சார மணி வாங்க வேண்டுமா?

பழையது தண்டவாளத் துண்டுதானே? அதுவே போதும். மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அடிக்கும் இரும்புக் கம்பியை மட்டும் கயிற்றில் கட்டி ஆணியில் மாட்டுங்கள். எங்கள் பள்ளியில் மாதம் ஒன்று காணாமல் போய்க்கொண்டிருந்தது.